காய்ச்சலை ஏன் அவரிடம் சொல்லவில்லை?

வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"வயது 32. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சொந்த ஊர் காங்கயம் பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து விடுதி, கல்லூரியிலும் விடுதி, ஐந்து வருடமாகத் தனி வாடகை வீடு. என் ஸ்கூட்டர், என் சம்பளம், என் நேரம். மாதம் பதினைந்தாயிரம் ஊருக்கு அனுப்புகிறேன். யாரிடமும் கை நீட்டியதில்லை. எட்டு மாதத்துக்கு முன் டேட்டிங் செயலி ஒன்றில் ஒருவர் அறிமுகமானார். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறார். வாரக் கடைசியில் என் வீட்டுக்கு வருகிறார். வரும்வரை எப்போது வருவார் என்றிருக்கிறது. வந்து அரை நாளானால் எப்போது கிளம்புவார் என்றிருக்கிறது. என் சமையலறையில் வெளியே இருப்பது ஒரே ஒரு டம்ளர். அவர் உள்ளேயிருந்த ஆறையும் எடுத்துக் கழுவி வரிசையாக அடுக்கிவிட்டார். அதற்குப் பெரிய சண்டை. இரவு தாமதமானால் லொக்கேஷன் அனுப்பச் சொன்னார், மாட்டேன் என்றேன், பிறகு கேட்கவில்லை. சென்ற மாதம் ஷிப்மென்ட் வாரத்தில் கடும் காய்ச்சல். நானே வண்டி ஓட்டிப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். தொந்தரவு வேண்டாமென்று அவரிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் பேச்சுவாக்கில் தெரிந்தபோது, 'அப்படியென்றால் நான் உனக்கு யார்?' என்று கேட்டார். இப்போது வீட்டுச் சாவி ஒன்று கேட்கிறார். இணையத்தில் ஒரு தேர்வு எழுதினேன். நான் 'விலகிப்போகும் ரகம்' என்று வந்தது. எனக்கு என் சுதந்திரமும் வேண்டும், அவரும் வேண்டும். பேராசையா? ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போகிறேன். அம்மாவிடம் சொல்லலாமா?"

அன்புள்ள அம்மணிக்கு,

பேராசை இல்லை. அந்தக் கேள்வியை முதலிலேயே முடித்துவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கோவையில் ஆலோசனை சொல்லி வருகிறேன். ஆரம்பத்தில் வந்த பெண்கள் மாமியார், வரதட்சணை, புருஷனின் குடி என்று பேசினார்கள். கூடவே ஓர் அண்ணனோ சித்தியோ வந்து வெளியே உட்கார்ந்திருப்பார்கள். இப்போது சரவணம்பட்டியிலிருந்தும் பீளமேட்டிலிருந்தும் முப்பதைத் தொட்ட பெண்கள் தாங்களே வண்டி ஓட்டி வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்ட இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஆண்களும் கேட்கிறார்கள், மூன்றாவது சந்திப்பில்தான் வாயைத் திறக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் டம்ளர் சண்டைக்கு முழுசாக ஒரு பக்கம். நான் சுருக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சலுக்கு நான்கே வரி. எனக்கு அந்த நான்கு வரிதான் கடிதமே.

ஹெல்மெட்டின் பாரம்கூடத் தாங்காத தலையோடு அவிநாசி சாலை நெரிசலில் வண்டி ஓட்டியிருக்கிறீர்கள். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து, கிளினிக் படியில் உட்கார்ந்தபடியே பையருக்கு (சரக்கு வாங்குகிறவருக்கு) மெயிலும் அனுப்பியதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அதாவது கையில் போன் இருந்தது. சாம்பிள் பிரிவுக்குப் பேசினீர்கள், கூரியருக்குப் பேசினீர்கள், பக்கத்து ஊரில் இருந்த அவருக்கு மட்டும் பேசவில்லை. தொந்தரவு வேண்டாமென்று விட்டேன் என்கிறீர்கள். நம்புகிறேன், பாதி. மீதிப் பாதி இதுவாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்: சொல்லி, அவர் வராமல் போயிருந்தால்? 'மாத்திரை போட்டுத் தூங்கு' என்று ஒரு வரி மெசேஜோடு முடித்திருந்தால்? சொல்லாமலே இருந்துவிட்டால் அந்த ஏமாற்றத்துக்கு வழியே இல்லை.

'ஆறாம் வகுப்பிலிருந்து விடுதி' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நாமக்கல் பக்கமா, ராசிபுரம் பக்கமா, தெரியாது. எந்தப் பக்கமானாலும் கதை அதிகம் மாறாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வரும் நாள். அம்மா தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதமும் ஒரு பாட்டிலில் நெய்யும் கொண்டுவந்து, மரத்தடியில் துண்டு விரித்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைப்பார். நான்கு மணிக்கு மணியடிக்கும். அழுதால், படிக்கிற பிள்ளை அழலாமா என்பார்கள். இரண்டு மூன்று மாதம் அழுத பிள்ளை நான்காம் மாதம் அழாது. 'பழகிவிட்டாள்' என்று வார்டன் சொல்ல, ஊரில் எல்லோருக்கும் நிம்மதி. கேட்டால் கிடைக்காது என்பதைத்தான் அந்தப் பிள்ளை பழகிக்கொண்டாள் என்பது யாருக்கும் தோன்றாது. முட்டைக்கும் மதிப்பெண்ணுக்கும் ஒரே வட்டாரம் பேர்போனது தற்செயல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இல்தான் நிறுத்தியது. நீங்கள் படித்த காலம் அந்த ஓட்டத்தின் உச்சம். உங்கள் பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் மகனை நானே அப்படி ஒரு விடுதியில் இரண்டு வருடம் விட்டிருந்தேன். மனநலம் படித்தவள் செய்த வேலை.

மேரி எயின்ஸ்வர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. அறையில் பொம்மைகள் இருக்கும். அம்மா சில நிமிடம் வெளியே போய்விட்டுத் திரும்பி வருவார். பெரும்பாலான குழந்தைகள் அவரைத் தேடும். திரும்பியதும் ஒட்டிக்கொண்டு ஆறுதல் அடையும். சில குழந்தைகள் மட்டும் அம்மா போனதையும் வந்ததையும் கவனிக்காதது போல் பொம்மையோடு இருந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு, அடேயப்பா, எவ்வளவு தைரியம் என்று தோன்றும். 1977இல் வேறு இரண்டு ஆய்வாளர்கள் இதயத் துடிப்பைப் பதிவுசெய்து பார்த்தபோது, இந்தக் குழந்தைகளின் நெஞ்சும் படபடவென்றுதான் அடித்துக்கொண்டிருந்தது. முகத்தில்தான் ஒன்றுமில்லை.

'அவர் மெசேஜ் அனுப்பாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் போனை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்' என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது இந்த ஆய்வு நினைவுக்கு வந்தது.

அதற்காக இணையத் தேர்வு சரியாகச் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளிடம் எயின்ஸ்வர்த் கண்ட இந்த ரகங்களைக் காதலுக்குப் பொருத்தி 1987இல் ஆய்வு வெளியிட்ட உளவியலாளர்கள் ஹாசன், ஷேவர் இருவருமே அமெரிக்காவில் ஒரு நாளிதழில் கேள்வித்தாள் அச்சிட்டுத்தான் தொடங்கினார்கள். அன்றைக்கு அது ஒரு நல்ல தொடக்கம். அதை வைத்து யாரும் தன் நெற்றியில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டியதில்லை. இது இரத்த வகை இல்லை. ஆளைப் பொறுத்தும் அனுபவத்தைப் பொறுத்தும் மாறும். நாற்பதுக்கு மேல் மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சுதந்திரம் என்ற ஒரே பையில் இரண்டு சாமான்களைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். என் வேலை, என் காசு, என் நாள் எப்படிப் போக வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்பது ஒன்று. அதை யார் கேட்டாலும் விடாதீர்கள், தாலி கட்டியவர் கேட்டாலும். எனக்கு யாரும் தேவைப்படக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே மாதிரி தெரியும். முதலாவது நீங்களாகச் சம்பாதித்தது. இரண்டாவது அந்த நான்கு மணி ஞாயிற்றுக்கிழமைகள் கொடுத்துவிட்டுப் போனது. அவர் உங்களிடம் கேட்டுக்கொண்டிருப்பது இந்த இரண்டாவதைத்தான். நீங்களோ முதலாவதைப் பறிக்க வருகிறார் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறீர்கள். அமெரிக்க உளவியலாளர் புரூக் ஃபீனி 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே பொருந்தும். தேவைப்படும்போது துணை கைகொடுக்கும் என்ற உறுதி உள்ளவர்கள்தான் மற்ற நேரத்தில் தனியாகக் காரியம் செய்யத் துணிந்தார்கள். சார்ந்தால் காலொடிந்து போய்விடும் என்ற நம் பயத்துக்கு நேர் எதிர்.

கேட்கத் தெரியாதவர் என்று உங்களைச் சொல்லவே முடியாது. திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டைத் தனியாக யார் தைத்துவிட முடியும்? நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங். சாயப்பட்டறைக்காரரை இரவு பதினொரு மணிக்கு எழுப்பி, விடிவதற்குள் துணி வந்தாக வேண்டும் என்று கேட்கிறவர் நீங்கள். அங்கே கூச்சமில்லை, ஏனென்றால் கையில் ஆர்டர் இருக்கிறது. கொடுக்க வேண்டியது அவர் கடமை. இவரிடம் கேட்பதற்கு அப்படி ஒரு தாளும் கிடையாது. மாட்டேன் என்று அவர் சொல்லிவிடலாம். உங்களுக்குக் கஷ்டமாக இருப்பது அந்த இடம்தான்.

ஆகவே சின்னதிலிருந்து தொடங்குங்கள். அடுத்த சனிக்கிழமை அவர் கிளம்பும் முன் போன் செய்து, வரும்போது அரைக் கிலோ காப்பித்தூள் வாங்கி வரச் சொல்லுங்கள். காசு கொடுக்கக் கூடாது. சிரிப்பாக இருக்கும், செய்து பாருங்கள். உங்கள் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிற சாமானை இன்னொருவரிடம் கேட்பதற்கு உங்கள் நாக்கு எவ்வளவு தயங்குகிறது என்று தெரியும். அவர் மறந்துவிட்டு வந்தாலும் ஒன்றும் குடி மூழ்கிவிடாது என்பதும் தெரியும். காய்ச்சலுக்கு மட்டும் ஒரு கறாரான ஏற்பாடு வேண்டும்: முதல் நாளே சொல்லிவிடுவது. அவர் வர வேண்டாமென்றால், 'காய்ச்சல், டாக்டரைப் பார்த்துவிட்டேன், தூங்கப் போகிறேன், நாளைக்குப் பேசுங்கள்' என்பது போதும். 'நான் யார்' என்ற கேள்விக்கு அதுவே பதிலின் தொடக்கம்.

டம்ளர் சண்டையில் நான் உங்கள் பக்கம். பிறர் அடுக்களையைக் கேட்காமல் மாற்றி அடுக்குவது அன்பே ஆனாலும் அத்துமீறல். ஆனால் நீங்கள் சண்டை போட்டது டம்ளருக்காகவா என்று மறுபடி யோசியுங்கள். உங்கள் கடிதப்படி அது ஞாயிறு மதியம். அதாவது 'எப்போது கிளம்புவார்' நேரம். தனியாக இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் சண்டை போட்டுத் தனிமை வாங்கிக்கொள்வார்கள். விலை அதிகம்.

எங்கள் ஊர் பல்லடம் பக்கம். அப்பாருக்கும், அதாவது தாத்தாவுக்கும், அவர் தம்பிக்கும் ஒரே கிணறு, இருவர் காட்டுக்கும் நடுவில். மூன்று நாள் இவருக்கு, மூன்று நாள் அவருக்கு என்று முறை. ஏழாவது நாள், மிச்சத் தண்ணீர் யாருக்குத் தேவையோ அவருக்கு. மோட்டார் அறைச் சுவரில் கரிக்கட்டையால் கோடு போட்டிருப்பார்கள். நான் எண்ணப் பழகியதே அதில்தான். இரண்டு வீட்டுக்கும் சாப்பாடு போக்குவரத்து உண்டு, பிள்ளைகள் எந்தச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தூங்குகின்றன என்ற கணக்கே கிடையாது. ஆனால் முறை என்றால் முறை. ஒரே ஒரு தடவை சின்ன அப்பாரு அவசரத்துக்கு, சொல்லாமல், இவர் முறையில் வாய்க்காலைத் திருப்பிவிட்டார். நான்கு மாதம் பேச்சு நின்றுபோனது. கேட்டிருந்தால் அப்பாரு நாள் முழுவதுமே கொடுத்திருப்பார், அது ஊருக்கே தெரியும்.

உங்கள் வாரக் கடைசிக்கும் ஒரு முறை வையுங்கள். சனி மாலையிலிருந்து ஞாயிறு மதியச் சாப்பாடு வரை சேர்ந்து. அதன்பின் உங்கள் நேரம். இதை அவர் வருவதற்கு முன்பே, நல்ல மனநிலையில், போனில் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்ன நேரத்தைப் புறக்கணிப்பாக அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டால், அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய செய்திதான்.

அவரைப் பற்றி. நான் பார்க்காத ஆளுக்குச் சான்றிதழ் தர முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: லொக்கேஷன் அனுப்பமாட்டேன் என்றீர்கள், அவர் மறுபடி கேட்கவில்லை, முகம் தூக்கவும் இல்லை. 'மாட்டேன்' என்ற சொல்லைக் கேட்டபின் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை நான் பூ, பரிசு, கவிதை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஆனால் எட்டு மாதமாக அவர்தான் வருகிறார். நீங்கள் அவர் வீட்டுக்குப் போனதாகக் கடிதத்தில் இல்லை. ஒரு சனிக்கிழமை நீங்கள் கோவைக்குப் போங்கள். ரயிலில் ஒரு மணி நேரம். செயலியில் அறிமுகமானவர் சொன்ன வேலை, வீடு, நண்பர்கள் எல்லாம் சொன்னபடியே இருக்கின்றனவா என்று பார்ப்பது சந்தேகப்புத்தி ஆகாது. நம் வீடுகளில் ஜாதகம் வாங்குவதற்கு முன்பே மாப்பிள்ளையின் தோட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற வழக்கம்தானே இது. அதைவிட முக்கியம், இன்னொருவர் அடுக்களையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கிற அனுபவம் உங்களுக்கும் ஒருமுறை கிடைக்கட்டும்.

சாவியை இப்போது கொடுக்காதீர்கள். அன்பை நிரூபிப்பதற்காகக் கொடுத்த சாவி கையில் இருக்கும்வரை உறுத்தும். 'இன்னும் தயாராகவில்லை, தீபாவளிக்குப் பிறகு இதைப் பேசலாம்' என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் விடுதிக் கதையைச் சொல்லுங்கள். அந்தக் கதையை அவரிடம் இதுவரை சொன்னதில்லை என்றே நினைக்கிறேன்.

கல்யாணம் வரை போகும் என்றால் பேச வேண்டிய காசு விவரங்கள் வேறு. கோவைக்குக் குடிபோனால் தினமும் போகவர நூறு கிலோமீட்டர். ஷிப்மென்ட் வாரத்தில் அது நடக்காது. யார் இடம் மாறுவது, அல்லது நடுவில் அவிநாசி, சோமனூர் பக்கம் வீடு பார்ப்பதா? ஊருக்குப் போகும் பதினைந்தாயிரம் தொடருமா? உங்கள் சம்பளக் கணக்கு உங்கள் பேரிலேயே இருக்கட்டும். வீட்டுச் செலவுக்கு வேண்டுமானால் பொதுக் கணக்கு ஒன்று தொடங்கலாம்.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று. அவர் என்ன சனம், அதாவது என்ன சாதி என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நம் கொங்குச் சீமையில் இந்தக் கேள்வி கேட்கப்படாமல் ஒரு காதலும் வீட்டு வாசல் தாண்டுவதில்லை. ஒரே சனம் என்றாலும் அடுத்த மூச்சில் என்ன கூட்டம், அதற்குள் எந்தக் குலம் என்று கேட்பார்கள். ஆகவே, அது ஒரு பொருட்டே இல்லை என்று விட்டீர்கள், அல்லது அதுதான் எல்லாமே என்பதால் விட்டீர்கள். இரண்டாவது என்றால் நீங்கள் அவரை அரை நாளுக்கு மேல் தாங்க முடியாமல் இருப்பதற்கு விடுதி மட்டும் காரணமாக இருக்காது. எப்படியும் பறிபோகும் என்று நினைக்கிற ஒன்றை மனது முழுசாக எடுத்துக்கொள்ளாது.

அப்படியானால் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்திருப்பது தைரியம் தரும். இருவரும் இந்து என்றால், புரோகிதர் இல்லாமல் உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணம் தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டின் சட்டத்திருத்தப்படி செல்லும். மதம் வேறென்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு, அந்த அறிவிப்பை அலுவலகத்தில் பார்வைக்கு வைப்பார்கள் என்பதால் ஊருக்குச் செய்தி போய்விடலாம், கவனம். வயதுவந்த இருவர் சம்மதித்தபின் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. 'பங்கு கிடையாது' என்று யாராவது மிரட்டினால்: பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உள்ள உரிமை 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதும் வந்தது, பிடிக்காத கல்யாணம் செய்தாள் என்பதற்காக அதை வெட்ட முடியாது. அப்பா தானாகச் சம்பாதித்ததை அவர் விருப்பம்போல் எழுதி வைக்கலாம். மிரட்டல் சொத்தைத் தாண்டி உயிர் வரை போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள், காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள், ஊருக்குத் தனியாகப் போகாதீர்கள்.

அதெல்லாம் தேவைப்படாமல் போகவே வாய்ப்பு அதிகம் என்று நம்புவோம். இதையெல்லாம் செய்து பார்த்தபின் தனியாகவே இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் அதுவும் முறையான முடிவு. பயந்து எடுக்காமல் பார்த்து எடுத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் நிபந்தனை.

அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் ஆடி நோம்பியன்று வேண்டாம். அன்றைக்கு வீடு நிறையச் சனம் இருக்கும், பெரியம்மா ஒருத்தி எப்படியும் உங்கள் வயதைச் சத்தமாகச் சொல்லுவார், அந்தக் கோபத்தில் விஷயம் வாயிலிருந்து விழுந்துவிடும். நோம்பி முடிந்து தூரியை (ஊஞ்சலை) அவிழ்த்த மறுநாள், ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுத்துக்கொண்டு இருங்கள். அப்பா காட்டுக்குப் போனபின் சொல்லுங்கள். முதலில் அவரைப் பற்றி வேண்டாம், காய்ச்சலைச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் அது தெரியாது, இல்லையா?